விறைப்பு விடும் வேளை

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மருத்துவம் படிக்கும் ஒருவர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்பது எம்மூர் வழக்கம். செயலாளரும் அதனையே எதிர்பார்த்தார். ஆனால் நீரிழிவைப் பற்றி எம்மினும் நன்கு அறிந்தோர் இச்சபையிலேயே பலர் இருக்கின்றனர். எமது பேச்சினால் கூட்டமுடிவில் வழங்கப்படும் தேநீரிற் சீனி குறையப்போவதுமில்லை. ஆகவே, மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டோம். சத்திரசிகிச்சை முடிந்தபின் வரும் நோவும், அதனைத் தணிப்பதற்காக விறைப்பு மருந்தோடு வேறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையுமே அவ்விடயம். நாம் இன்னும் வைத்தியராகவில்லை. எழுதவேண்டிய பரீட்சைகள் பல உள. ஆதலால் இங்கு சொல்லப்போவது நாம் படித்தறிந்தவையும், ஓர் இரவு எமது கண்ணாற் கண்டதுமே.

அந்த இரவை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

சென்ற ஆண்டு எமது சித்தப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பைப் பொருத்தித் தகடு வைக்கவேண்டும் என்றனர். அவருக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. அதனால் முழு மயக்கம் கொடாமல், காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டு ஒரு கையை மாத்திரம் விறைக்கச் செய்தனர். காலை பத்து மணிக்கு ஊசி. நண்பகலுக்கு முன் எல்லாம் முடிந்தது. பின்னேரம் நாம் போய்ப் பார்த்தபோது சித்தப்பா கட்டிலிற் சாய்ந்திருந்து அடுத்த கட்டிற்காரரோடு தேர்தற் கதை பேசிக்கொண்டிருந்தார். "தம்பி, இது என்ரை கை மாதிரியே இல்லை. வெட்டி எடுத்தாலும் தெரியாது" என்று சிரித்தார். தாதி கொடுத்துவிட்டுப் போன குளிசைகளை, "நோகாத கைக்கு என்னத்துக்குக் குளிசை?" என்று சொல்லி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். நாமும் அது நியாயந்தானே என்று இருந்துவிட்டோம். மருத்துவ மாணவர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நாம்!

இரவு துணைக்கு நின்றோம். ஒரு மணியிருக்கும், கதிரையில் உறங்கிக்கொண்டிருந்த எமக்கு ஏதோ முனகல் கேட்டது. விழித்துப் பார்த்தால் சித்தப்பா துவாயைப் பல்லிற் கடித்தபடி, இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு குந்தியிருக்கிறார். முகமெல்லாம் வியர்வை.

"சித்தப்பா, நேர்சைக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம் தம்பி. ஒப்பரேசன் எண்டால் நோகத்தானே வேணும். பாவம் அந்தப் பிள்ளை, இவ்வளவு பேரையும் ஒருத்தியாய் நிண்டு பாக்குது."

நாம் போய்க் கூப்பிட்டோம். தாதி வந்து ஊசி போட்டார். ஆயினும் ஏறிவிட்ட நோவு இறங்குவதற்கு விடியற்காலை நான்கு மணியாயிற்று. சித்தப்பா எளிதிற் கலங்குபவர் அல்லர். அவர் அழுததை எமது வாழ்நாளில் அன்றுதான் கண்டோம்.

நடந்தது இதுதான்: மருந்து தன் நேரத்துக்கு விடைபெற்றுச் சென்றுவிட்டது, புண் போகவில்லை. வெட்டிய இழையத்தின் நோவு முதல் இரண்டு மூன்று நாட்கள் மும்முரமாக நிற்கும். ஓர் ஊசி விறைப்போ சில மணித்தியாலங்களே நிற்கும். இவ்விரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள வெளியை எப்படி நிரப்புவது என்பதுதான் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியர்களை அலைக்கழித்துவரும் கேள்வி.

இக்கேள்வி விறைப்பு மருந்தோடு கூடவே பிறந்தது. 1884ஆம் ஆண்டு வியன்னாவிலே கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியர், கொக்கா இலையிலிருந்து எடுத்த கொக்கெயினைத் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார்; பின்பு முயல், நாய், கடைசியிலே தமது சொந்தக் கண். குண்டூசியால் தொட்டும் உணர்ச்சியில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆந் திகதி ஹைடல்பேர்க் நகரிற் கூடிய கண்வைத்தியர் மாநாட்டுக்குப் போக அவரிடம் பயணச் செலவுக்குப் பணமில்லை. அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார். ஏழை மாணவர் இதைக் கேட்டு ஆறுதலடையலாம்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1898 ஆகஸ்ட் மாதத்தில், ஜேர்மனியின் கீல் நகரிலே அவுகுஸ்ற் பியர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் அதே கொக்கெயினை முள்ளந்தண்டின் உள்ளே, முண்ணாணைச் சூழ்ந்துள்ள நீரிற் செலுத்தி, இடுப்புக்குக் கீழ் முழுவதையும் விறைக்கச் செய்தார். நோயாளர் சிலர் தலையிடி, வாந்தி என்று முறைப்பட்டனர். காரணத்தை அறியவேண்டித் தமக்கே அம்மருந்தை ஏற்றும்படி தம் உதவியாளர் ஹில்டெப்ரான்ட் என்பவரிடம் கேட்டார். குழலும் ஊசியும் பொருந்தாமையால் மருந்தெல்லாம் வெளியே வழிந்துவிட்டது. உடனே ஹில்டெப்ரான்ட் தாமே படுத்துக்கொண்டார். 5 மில்லிகிராம் கொக்கெயின் ஏற்றப்பட்டது. பின்பு பியர் அவருடைய காலை ஊசியாற் குத்தினார், சுருட்டினாற் சுட்டார், முன்னங்காலெலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். ஹில்டெப்ரான்டுக்கு ஒன்றும் நோகவில்லை. முக்கால் மணித்தியாலத்தில் உணர்ச்சி திரும்பிற்று. இருவரும் மகிழ்ந்து, நன்றாக உண்டு குடித்துச் சுருட்டும் பிடித்துப் படுக்கைக்குச் சென்றனர். அன்றிரவு ஹில்டெப்ரான்டுக்குக் கடுந்தலையிடியும் வாந்தியும். கால்களோ அடிபட்ட இடமெல்லாம் கன்றி நொந்தன.

மருத்துவ வரலாற்று நூல்கள் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் செல்கின்றன. நாமும் முதலிற் சிரித்துத்தான் படித்தோம். சித்தப்பாவின் அந்த இரவுக்குப் பின் எம்மாற் சிரிக்க முடியவில்லை. உணர்ச்சியில்லாத வேளையிற் பட்ட அடி, உணர்ச்சி வந்தபின் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. ஹில்டெப்ரான்டின் கால்களும் சித்தப்பாவின் கையும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

விறைப்பு மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம். நரம்பு என்பது செய்தி ஓடும் ஓர் ஒழுங்கை. அதன் சுவரெங்கும் சிறு படலைகள் உள. ஒரு படலை திறக்கச் சோடியம் அயன்கள் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் அடுத்த படலையைத் திறக்கும். இப்படிப் படலை படலையாகத் திறந்துகொண்டு நோவுச் செய்தி மூளைவரை செல்கிறது. லிக்னொக்கெயின், புப்பிவக்கெயின் முதலிய மருந்துகள் சுவரினூடாகக் கசிந்து உள்ளே போய், உட்புறமிருந்து படலைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுகின்றன. புண்ணிலே நெருப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். செய்தி மாத்திரம் போகாது. அவ்விடத்தாற் பாயும் குருதி மருந்தைச் சிறிது சிறிதாக அள்ளிக்கொண்டு போக, தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகக் கழலும்.

அப்படியானால் மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுக்க முடியாது. நரம்பின் படலையைப் பூட்டும் மருந்து, அளவுமீறிக் குருதியிற் கலந்தால் மூளையின் படலையையும் இதயத்தின் படலையையும் பூட்டும். முதலில் நாக்கும் உதடும் மரக்கும், பின்பு வலிப்பு, அதன்பின் இதயம் நிற்கும். நெடுநேரம் நிற்கும் நல்ல மருந்தென்று பெயரெடுத்த புப்பிவக்கெயின் இதயத்தைத் திடீரென நிறுத்திவிடக்கூடியது என்ற எச்சரிக்கை 1979இல் எழுந்தது. ஆகவே அளவைக் கூட்டும் வழி அடைபட்டது. எஞ்சியது துணை தேடும் வழி.

எமது நாட்டு வைத்தியர் சூரணத்தைத் தனியே கொடுப்பதில்லை. தேனிற் குழைத்துக் கொடு, பாலிற் கலந்து கொடு என்று அனுபானமும் சொல்லித்தான் கொடுப்பார். நோக்கம் சற்றே வேறாயினும், ஒரு மருந்தை அதன் இடத்துக்கு நல்லபடி சேர்க்க இன்னொன்றின் துணை வேண்டும் என்ற எண்ணம் எமக்குப் புதிதன்று.

முதலில் வந்த துணை அதிரினலின். 1885இலேயே நியூயோர்க்கில் லெனாட் கோணிங் என்பவர், கொக்கெயின் ஏற்றிய கையில் மேலே இறுக்கக் கட்டுப்போட்டால் விறைப்பு நெடுநேரம் நிற்பதைக் கண்டிருந்தார். குருதி ஓட்டம் குறைந்தால் மருந்தை அள்ளிச் செல்ல ஆளில்லை அல்லவா? ஆனால் கட்டுப்போட முடியாத இடங்கள் உடம்பிற் பல உண்டு. வாய்க்குள் எப்படிக் கட்டுவது? 1901இல் ஜப்பானியரான ஜொக்கிச்சி தக்கமினே, விலங்குகளின் சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பியிலிருந்து அதிரினலினைத் தூயதாகப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார். குருதிக்குழாய்களைச் சுருங்கச் செய்வது அதன் குணம். ஜேர்மனியரான ஹைன்றிக் பிறவுண் 1903 அளவில் அதிற் சிறுதுளியைக் கொக்கெயினோடு சேர்த்துப் பார்த்து, கயிறில்லாத கட்டு ஒன்றைக் கண்டுகொண்டார். விறைப்பு நீண்டது, குருதியிற் கலக்கும் நஞ்சும் குறைந்தது.

இச்சபையிலே பல்லுப் பிடுங்கியவர்கள் கையை உயர்த்துங்கள் என்றால் உயராத கை சிலவே இருக்கும். உங்கள் முரசில் ஏறிய லிக்னொக்கெயினோடு பெரும்பாலும் எண்பதினாயிரத்தில் ஒரு பங்கு அதிரினலினும் ஏறியிருக்கும். ஊசி போட்டவுடன் நெஞ்சு சற்றுப் படபடத்திருந்தால் அது முழுவதும் உங்கள் பயத்தால் வந்ததன்று. அதில் அந்தத் துணைவனுக்கும் பங்குண்டு. ஆயினும் இத்துணைவன் லிக்னொக்கெயினுக்குச் செய்யும் உதவியைப் புப்பிவக்கெயினுக்கு அவ்வளவாகச் செய்வதில்லை; அது தானாகவே நரம்பை விட்டு அகல மனமில்லாத மருந்து. முதல் இரவைக் கடக்க அதிரினலின் போதாது.

இரண்டாவது துணை அபினின் பிள்ளையாகிய மோர்பின். இதன் கதை விந்தையானது. 1901இலேயே ருமேனிய வைத்தியர் ராக்கோவிச்சானு-பிற்றெஷ்ற்றி என்பவர் கொக்கெயினோடு மோர்பினையும் முள்ளந்தண்டினுள் ஏற்றிப் பாரிஸ் நகரில் அறிவித்தார். அது நிலைத்த வழக்கமாகவில்லை; ஏன் வேலை செய்கிறது என்பது தெரியாத காலம். மோர்பின் பற்றிக்கொள்ளும் தனி வாங்கிகள் நரம்புக் கலங்களில் உள என்பது 1973இற்றான் நிறுவப்பட்டது. அவை முண்ணாணின் பின்புறக் கொம்பிலே, உடம்பிலிருந்து வரும் நோவுச் செய்தி மூளைக்குச் செல்லும் நரம்புக்குக் கைமாறும் அந்தச் சந்தியிலேயே செறிந்திருக்கின்றன என்பது தெரிந்ததும் வழி திறந்தது. 1976இல் எலிகளில், 1979இல் மனிதரில்.

அளவைக் கேளுங்கள். தசையில் ஏற்ற வேண்டுமானால் வளர்ந்தவருக்கு 10 மில்லிகிராம் என்பது பழைய வழக்கு. முண்ணாணைச் சூழ்ந்த நீரிலோ, வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுக்கும் தாய்க்கு 0.1 மில்லிகிராம் அளவே போதும். நூறில் ஒரு பங்கு! கீறும்போது வேண்டிய விறைப்பைப் புப்பிவக்கெயின் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். அதன்பின் அந்த நூறிலொரு பங்கு மோர்பின் பன்னிரண்டு மணித்தியாலம், சிலரில் ஒரு நாள் முழுவதும், காவல் நிற்கும். கால் விறைப்பதில்லை. தாய் எழுந்து நடக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம், பால் கொடுக்கலாம். எமது தாய்மார் பெறும் பயன்களுள் இதனை மிக உயர்ந்ததென நாம் மதிக்கின்றோம்.

ஆனால் இக்காவலன் சில சமயம் தூங்கும் வீட்டுக்காரனின் கழுத்தையே நெரிப்பவன். மோர்பின் நீரிற் கரையும் இயல்புடையது; நரம்பினுள் விரைந்து நுழையாமல் அந்த நீரோடு மெல்ல மெல்ல மேலே மூளையடிவரை சென்று, சுவாசத்தை நடத்தும் நிலையத்தை மந்தப்படுத்தக்கூடும். அதுவும் ஊசி போட்டுப் பல மணித்தியாலம் சென்றபின், எல்லோரும் ஆபத்து நீங்கிற்று என்று அயரும் வேளையில். ஆரம்ப நாட்களில் அளவைக் கூடுதலாகக் கொடுத்தபோது இது நேர்ந்தது. அளவைக் குறைத்ததும், சுவாசத்தை எண்ணிப் பார்க்கும் வழக்கம் வந்ததும் ஆபத்தை அரிதாக்கின. அப்படியிருந்தும் உடம்பு அரிப்பும் வாந்தியும் பலருக்கு உண்டு. கொழுப்பிற் கரையும் பென்ரனில் என்ற மருந்து உடனே நுழைந்து உடனே வேலை செய்யும், மேலே அலையாது, ஆனால் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஒன்றின் நன்மையே மற்றதன் குறை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்போரும் உளர்.

கையிலோ காலிலோ உள்ள நரம்புக்கு மோர்பின் அவ்வளவாக உதவாது. அங்கே வேறு துணைகள். குளோனிடீன் என்றொரு மருந்து. முதலில் மூக்கடைப்புக்கென்று ஆக்கப்பட்டது, போட்டுப் பார்த்தவர் நெடுநேரம் உறங்கிவிட்டார் என்பது கதை. ஒருமுறை செய்தி ஓடி முடிந்த நரம்பு பழைய நிலைக்குத் திரும்பி அடுத்ததற்கு ஆயத்தமாவதை அது தாமதப்படுத்தும். அதனாற் கூடும் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். அதன் இளைய உறவினராகிய டெக்ஸ்மெடிற்றொமிடீன் அதனிலும் வல்லது. இரண்டும் நாடியை மெதுவாக்கும், குருதியமுக்கத்தைக் குறைக்கும், உறக்கம் தரும். நியோஸ்ரிக்மினை முள்ளந்தண்டில் ஏற்றிப் பார்த்தார்கள். நோவு குறைந்தது, நோயாளரோ வாந்தி எடுத்துக் களைத்தனர். அதை விட்டுவிட்டார்கள்.

இப்பொழுது எல்லோர் வாயிலும் அடிபடுவது டெக்சாமெதசோன். 2020இல் ஒட்சிசன் தேவைப்பட்ட கொவிட் நோயாளரின் உயிரைக் காத்தது என்று பெயர்பெற்றது இதுவே. இதில் 4 முதல் 8 மில்லிகிராமை நரம்படியில் இடும் விறைப்பு மருந்தோடு சேர்த்தால் விறைப்பு பல மணித்தியாலம் நீள்கிறது. 2017இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்து, ஆறு மணித்தியாலத்துக்கும் சற்று மேல் என்று கணித்தது. சித்தப்பாவின் கணக்கிற் சொன்னால், இரவு ஒரு மணிக்கு வந்த நோவு காலை ஏழு மணிக்கு வந்திருக்கும். விடிந்திருக்கும், வைத்தியர் வந்திருப்பார், வயிற்றில் ஏதாவது ஆகாரமும் குளிசையும் இருந்திருக்கும்.

இந்தப் பகுதியைப் படித்தபோது நாம் மிகவும் உற்சாகமடைந்து, பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வதுபோல எமது விரிவுரையாளர் ஒருவரிடம் போய்ச் சொன்னோம். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த மருந்து வேலை செய்தது நரம்பிலா, குருதியிலா?" நாம் விழித்தோம். அதே மீளாய்வில், அதே மருந்தை நரம்படியில் இடாமல் வெறுமனே நாளத்தில் ஏற்றியவர்களுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் நீண்டிருந்தது! இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் நரம்படியில் இட்டதற்கு மூன்று மணித்தியாலம் அளவே மேலதிக நன்மை. அந்த மூன்று மணித்தியாலத்துக்காக, நரம்படியில் இடுவதற்கென்று உரிமம் பெறாத ஒரு மருந்தை அங்கே இடலாமா? சில வைத்தியர்கள் இடலாம் என்கின்றனர். இதுவரை பெருந்தீங்கு தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். வேறு சிலர் நாளமே போதும் என்கின்றனர். மேலும் ஒன்று: றோப்பிவக்கெயின் என்ற விறைப்பு மருந்தோடு டெக்சாமெதசோனைக் கலந்தால் பளிங்குத் துணிக்கைகள் படிவதைக் கண்டிருக்கின்றனர். ஒரே குழலில் இரண்டு நல்ல மருந்துகளை ஊற்றினால் நல்லதொரு கலவைதான் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரசாயனம் படித்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும், உற்சாகத்தில் மறந்துவிடும்.

எமது கட்சி எது என்று கேட்டால், நாளத்தின் கட்சியே. காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு துயரம்.

1947 ஒக்டோபர் 13ஆந் திகதி, செஸ்ரர்ஃபீல்ட் நகர வைத்தியசாலையொன்றில், ஒரே நாளில், ஒரே சத்திரசிகிச்சை அறையில், அல்பேர்ட் வூலி, செசில் ரோ என்ற இரண்டு மனிதருக்கு முள்ளந்தண்டில் விறைப்பூசி போடப்பட்டது. இருவருக்கும் சிறிய சத்திரசிகிச்சைகளே. ஒருவருக்கு முழங்காற் குருத்தெலும்பு. இருவரும் இடுப்புக்குக் கீழ் வழங்காமற் போயினர், மீளவேயில்லை. வழக்கு 1953இலும், மேன்முறையீடு 1954இலும் விசாரிக்கப்பட்டது. மருந்துக் குப்பிகளைக் கிருமி நீக்குவதற்காகப் பீனோல் கரைசலில் அமிழ்த்தி வைத்திருந்தார்கள் என்றும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பினூடாகப் பீனோல் உள்ளே கசிந்தது என்றும் நீதிமன்றம் கொண்டது. 1947இல் அப்படியொரு வெடிப்பு உண்டென்று எவரும் அறிந்திருக்க முடியாதாகையால் இருவருக்கும் நட்டஈடு கிடைக்கவில்லை. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பீனோல் அன்று, ஊசிகளை அவிக்கும் பாத்திரத்தைக் கழுவிய அமிலம் எஞ்சியிருந்ததே காரணம் என்று ஐயுற்றனர். எதுவாயினும் ஆகுக. அந்த இடத்துக்கென்று ஆக்கப்படாத ஒரு பொருள், மிகச் சிறிதளவே, அந்த இடத்தைச் சேர்ந்தது. இரண்டு குடும்பங்கள் அழிந்தன. பிரித்தானியாவில் முள்ளந்தண்டு ஊசி என்றாலே நோயாளரும் வைத்தியரும் பல ஆண்டுகள் அஞ்சினர்.

அங்கே பிறபொருள் தற்செயலாகச் சேர்ந்தது. துணை மருந்து சேர்ப்பவரோ அதனைத் தெரிந்தே சேர்க்கின்றார். ஆகவே அவருடைய பொறுப்பு இன்னும் பெரிது. நாளத்திலோ தசையிலோ ஏற்றுவதற்கென வரும் குப்பிகள் பலவற்றில், மருந்து கெடாதிருப்பதற்காக வேறு பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். தசைக்கு அவை ஒரு பொருட்டல்ல, முண்ணாணுக்குத் தீங்காகலாம். முள்ளந்தண்டுக்கு அத்தகைய சேர்க்கையற்ற மோர்பினையே எடுக்கவேண்டும் என்பது அதனாலேயே. குப்பி மாறும் ஆபத்தும் உண்டு. குருதிப்பெருக்கை நிறுத்தும் ரனெக்சாமிக் அமிலக் குப்பியை விறைப்பு மருந்துக் குப்பியென்று மயங்கி முள்ளந்தண்டில் ஏற்றிய தவறுகள் பல நாடுகளில் நேர்ந்து, உயிர்கள் போனமையால், உலக சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரிக்கை விடுத்தது. மேசையில் எத்தனை குப்பி கூடுகிறதோ அத்தனை மயக்கம் கூடும். கைகள் களைத்திருக்கும் மூன்றாஞ் சாமத்துச் சத்திரசிகிச்சையில் இது வெறும் பேச்சன்று.

அப்படியானால் ஒன்றையும் சேர்க்காமல் விடுவதா? அதுவும் எமக்குச் சம்மதமில்லை. நோவைப் பொறுப்பது ஆண்மை, நோவைச் சகிப்பது தாய்மை என்று வீடுகளிற் பெருமையாகச் சொல்கின்றார்கள். வயிற்றிற் கீறல் பட்டவர் நோவுக்குப் பயந்து மூச்சை ஆழ இழுக்கமாட்டார், இருமமாட்டார். சளி தேங்கிச் சுவாசப்பை அழற்சி வரும். கட்டிலை விட்டு இறங்கமாட்டார். காலிற் குருதி உறையும். இதிலே ஆண்மை எங்கே இருக்கிறது? சித்தப்பா துவாயைக் கடித்துக்கொண்டு பொறுத்ததனால் அவருடைய எலும்பு ஒரு நாள் முன்னதாகப் பொருந்தவில்லை. இதைச் சிறிது கோபத்தோடுதான் சொல்கின்றோம். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

நரம்படியில் மெல்லிய குழாய் வைத்து நாட்கணக்கில் மருந்தைச் சொட்டவிடும் முறையும், கொழுப்புச் சிமிழ்களிற் புப்பிவக்கெயினை அடைத்து மெல்ல வெளிவிடும் முறையும் உள. பின்னையது அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்றது. விலை மிக உயர்ந்தது. முன்னையதற்கு இரவுபகல் கவனிக்க ஆள்வேண்டும். ஒரு தாதி ஒரு வாட்டு முழுவதையும் பார்க்கும் இடத்திலே, மலிவான ஒரு துணை மருந்து ஒரேயோர் ஊசியில் முதல் இரவைக் கடத்திவிடுமானால் அதன் அருமை சொல்லத் தேவையில்லை. ஆதலாற்றான் இந்தச் சிறு குப்பிகளைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி.

நோயாளரின் பக்கத்தில் நிற்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஊசி போட்ட வைத்தியரிடம், "ஐயா, இந்த விறைப்பு எத்தனை மணிக்கு விடும்? விடமுன் என்ன கொடுக்கவேண்டும்?" என்று கேட்கலாம். கேட்டால் எவரும் கோபிக்கமாட்டார். கொடுத்த குளிசையை நோவில்லை என்று லாச்சியிற் போடாமல், சொன்ன நேரத்துக்குக் கொடுக்கலாம். கிளம்பிய நோவை அடக்குவதிலும் கிளம்பும் நோவை மறிப்பது எளிது. விறைத்த கையைச் சுடுநீர்ப் போத்தலிலும் கட்டிற் சட்டத்திலும் படாமற் பார்த்துக்கொள்ளலாம். ஹில்டெப்ரான்டின் கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளந்தண்டில் மோர்பின் ஏற்றியவர் அளவுக்குமீறி உறங்கினால், எழுப்ப எழும்பாவிட்டால், மூச்சு மிக மெதுவாக வந்தால், "களைச்சுப்போனார், படுக்கட்டும்" என்று விடாமல் உடனே தாதியிடம் ஓடவேண்டும்.

சென்ற மாதம் சித்தப்பாவின் தகட்டைக் கழற்றினார்கள். இம்முறையும் அதே காறை எலும்பின்மேல் ஊசி. மயக்க மருந்து வைத்திய நிபுணரிடம் நாம் முன்கூட்டியே போய், முதல்முறை நடந்ததைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். டெக்சாமெதசோனை நாளத்தில் ஏற்றுவதாகவும், இரவு பத்து மணிக்கு நோவிருந்தாலும் இல்லாவிட்டாலும் குளிசை கொடுக்கும்படியும் சொன்னார். பத்து மணிக்குச் சித்தப்பாவை எழுப்பினோம். "நோகேல்லை, விடு" என்றார். நாம் விடவில்லை. தண்ணீரோடு விழுங்கவைத்துவிட்டு, கதிரையிற் குந்தி ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

விடிந்ததும் சித்தப்பா அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்தார். "எத்தனை மணிக்குச் சித்தப்பா விறைப்பு விட்டது?" என்று கேட்டோம்.

"எனக்கென்ன தெரியும் தம்பி, நான் நித்திரை" என்றார்.